நின்றுகொண்டே தின்றதும் கணக்கில் சேரும்!

"உங்களுக்குச் சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை அம்மா. ஆனால் வாசற்படி வரைக்கும் வந்து நிற்கிறது" என்றார் டாக்டரம்மா. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலையாம். அன்று என் எடை 72 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி ஒரு அங்குலம். வயது 46.

என் அம்மாவுக்கு 51 வயதில் சர்க்கரை வந்தது. அறுபதில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அந்தக் காலுக்குத் தினமும் கட்டு மாற்றியவள் நான். அதனால் டாக்டரம்மா சொன்ன வாசற்படி எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. "எடையில் ஒரு ஏழு கிலோவைக் குறையுங்கள், மாத்திரை இல்லாமல் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

எப்படிக் குறைப்பது? அங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன்.

உறவில் ஒருத்தி மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைந்திருந்தாள். அவளிடம் ஒரு சாப்பாட்டுச் சீட்டு இருந்தது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கிண்ணம் காய், ராத்திரி ஒரு சப்பாத்தி. மொத்தம் 800 கலோரி என்று அடியில் எழுதியிருந்தது. அதை அப்படியே வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒன்பது நாள் ஒழுங்காக இருந்தேன். பத்தாம் நாள் கஞ்சி வடிக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பானை சாய்ந்து கொதிகஞ்சி இடது பாதத்தில் கொட்டிவிட்டது. நல்லவேளை, பிள்ளை பக்கத்தில் இருந்தான். பாதம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டதில், குறைந்த இரண்டு கிலோவும் வட்டியோடு திரும்பி வந்தது.

பிறகுதான் விசாரித்தேன். அந்தச் சீட்டு அவளுக்கென்று அவளுடைய டாக்டர் எழுதியது. வாராவாரம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தாளாம். அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொதுவாகப் பெண்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் 1,200 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டரம்மா பிறகு கண்டித்தார். "அடுத்தவள் ரவிக்கையை வாங்கிப் போட்டுக்கொள்வீர்களா? கலோரிக் கணக்கும் அவரவர் அளவுக்குத்தான்" என்றார். கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

அளவு எடுத்த கதை

கலோரி என்றதும் நம்மில் பாதிப் பேர் பயந்துவிடுகிறோம். ஒன்றுமில்லை. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் கூட்டுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அது சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரி. மாவுச்சத்து ஒரு கிராம் 4 கலோரி, புரதம் ஒரு கிராம் 4, கொழுப்பு ஒரு கிராம் 9. இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

வீட்டுக் கணக்கு எழுதுகிற பெண்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வரவு, செலவு, மீதி. உடம்பில் மீதி விழுந்தால் அது கொழுப்பாகச் சேர்கிறது. துண்டு விழுந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அந்தக் கணக்கே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

முதலில் செலவைக் கண்டுபிடிக்க வேண்டும். நாம் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்கவும், மூச்சு விடவும், உடம்பு சூடாக இருக்கவும் ஒரு செலவு உண்டு. வீட்டு வாடகை மாதிரி, ஊருக்குப் போனாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கணக்கிட 1990-ல் அமெரிக்காவில் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தை டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெண்களுக்கு இப்படி: எடையை (கிலோவில்) 10-ஆல் பெருக்க வேண்டும். உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். வயதை 5-ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்க வேண்டும். கடைசியில் இன்னும் 161-ஐக் கழிக்க வேண்டும்.

என் கணக்கு: எடைக்கு 720. உயரத்துக்கு 969. கூட்டினால் 1,689. வயதுக்கு 230 கழித்தால் 1,459. அதில் 161 போனால் 1,298. நான் படுத்தே கிடந்தாலும் என் உடம்பு கேட்கும் வாடகை அவ்வளவு.

இதை நம் உழைப்புக்கேற்ப ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2. லேசாக நடமாடுபவருக்கு 1.375. வாரத்தில் நாலைந்து நாள் நன்றாக உடற்பயிற்சி செய்பவருக்கு 1.55. நான் எதை எடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? காலை ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி பத்து வரைக்கும் கால் ஓயவில்லை, எனக்கு 1.55 இல்லாமல் வேறு யாருக்கு என்று அதையே எடுத்தேன். 2,012 என்று வந்தது. ஆகா, 1,500 சாப்பிட்டால்கூட நாளைக்கு 500 கலோரி துண்டு விழுமே என்று சந்தோஷப்பட்டேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மாவு ஆட்டுவது யார்? கிரைண்டர். துணி துவைப்பது? மெஷின். தண்ணீர்? மோட்டார். நீங்கள் நிற்கிறீர்கள் அம்மா, கால் வலிக்கிறது, நிஜம்தான். ஆனால் நிற்பதற்கு அவ்வளவு கலோரி செலவாகாது" என்றார். யோசித்துப் பார்த்தேன். என் அம்மா ஆட்டுக்கல்லில் இரண்டு படி அரிசி ஆட்டினாள், கிணற்றில் முப்பது குடம் இறைத்தாள். களைப்பு எனக்கும் அவளுக்கும் ஒன்றாக இருக்கலாம், செலவு ஒன்றல்ல. வாயை மூடிக்கொண்டு 1.375 எடுத்தேன். 1,785 வந்தது.

மேல்நாட்டில் போட்ட சூத்திரங்கள் நம்மவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும் என்றும் சொல்லியிருந்தார். நம் நாட்டுக் கணக்கு எப்படி என்று பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், 55 கிலோ எடையுள்ள பெண் அதிகம் உழைக்காதவளானால் நாளைக்கு 1,660 கலோரி, நடுத்தர உழைப்பானால் 2,130 என்று இருக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918-ல் நம் குன்னூரில் ஒற்றை அறையில் ஆரம்பித்து, 1958-ல் ஹைதராபாத் போன நிறுவனம் அது. 2017-ல் அவர்கள் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் நம் ஊர்க் கீரையும் கிழங்கும் மீனும் எல்லாம் இருக்கின்றன. ஓட்ஸ், பிராக்கோலி என்று அலைய வேண்டியதே இல்லை.

நோட்டில் வராத சாப்பாடு

செலவு தெரிந்துவிட்டது, இனி வரவு. மளிகைக் கணக்கு எழுதும் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டு அன்னக்கரண்டியில் ஒரு கரண்டி சாதம் 75 கிராம் இருந்தது. சமைக்காத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. வெந்த சாதம் தண்ணீர் குடித்திருப்பதால் 100 கிராமுக்குச் சுமார் 130தான். இந்த வித்தியாசம் தெரியாமல் முதல் நாள் இரண்டு கரண்டிச் சாதத்துக்கு 525 போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தேன்!

மூன்று நாள் எழுதிச் சராசரி பார்த்தேன். 1,150 கலோரி. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 1,150 சாப்பிடுகிறவள் 72 கிலோ இருக்க முடியுமா? "எனக்குத் தண்ணி குடிச்சாலே உடம்பு வைக்கும்" என்று நான் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தைராய்டு பார்த்தார்கள். சரியாகவே இருந்தது.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை எழுதியிருக்கிறீர்கள். நின்றுகொண்டு சாப்பிட்டது எங்கே?"

அடுத்த ஒரு வாரம் பேனாவை நூலில் கட்டிச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டேன். வாயில் எது போனாலும் உடனே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். எழுத எழுத எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. பிள்ளை வைத்துவிட்டுப் போன பாதி தோசை, 70 கலோரி. பதினோரு மணிக்கு, மீந்த டிகாஷன் வீணாகிறதே என்று கலந்த அரை டம்ளர் காபி, 60. குழம்புச் சட்டியில் ஒட்டியதை வழித்துப் பிசைந்த ஒரு கைச் சாதம், 100. மாலையில் டப்பாவைத் திறந்தபோது அள்ளிய ஒரு கை மிக்சர், 25 கிராம்தான், 130. தேங்காய் துருவும்போது ஒரு கீற்று, வெல்லம் உடைக்கும்போது ஒரு துண்டு, இரண்டும் சேர்ந்து 80. கூட்டினால் 440 கலோரி! இவை எதையும் நான் சாப்பாடு என்று நினைத்ததே இல்லை. சாப்பிட்டேன் என்று கேட்டால் சத்தியமாக இல்லை என்றிருப்பேன்.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், அந்த 440-ல் நான் ஆசைப்பட்டுச் சாப்பிட்டது மிக்சர் ஒன்றுதான். மற்றதெல்லாம் வீணாகக் கூடாதே என்று தின்றது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நாம். மிச்சம் மீதியெல்லாம் நமக்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை, நாமாகவே எடுத்துக்கொண்டோம். குப்பையில் போட மனம் வராமல் வயிற்றில் போட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது எண்ணெய். "தாளிக்க ஒரு டீஸ்பூன்" என்று எழுதியிருந்தேனே, அது நிஜமா? கரண்டியை யார் அளக்கிறார்கள், புட்டியைச் சாய்க்கிறோம். இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்பது மளிகை நோட்டில் இருக்கிறதே! விளக்குக்கு வாங்கும் எண்ணெயை விட்டுவிட்டுப் பார்த்தால், எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். 5 லிட்டர் 4,550 கிராம். நாலு பேர், முப்பது நாள், ஆக 120-ஆல் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஒரு கிராம் 9 கலோரி, ஆக 340 கலோரிக்கு மேல்! என் நோட்டில் நான் எழுதியிருந்தது நாலு டீஸ்பூன், 20 கிராம், 180 கலோரி. வித்தியாசம் 160. சட்டியில் ஒட்டுவது, பொரித்த பிறகு கொட்டுவது கொஞ்சம் கழியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த வகுத்தல் கணக்கை நீங்களும் ஒரு தடவை உங்கள் மளிகைச் சீட்டை வைத்துப் போட்டுப் பாருங்கள். புட்டியைப் பிடிக்கும்போது கை தானாக நிதானமாகும்.

இப்போது 1,150-ம் 440-ம் 160-ம் சேர்ந்து 1,750. சூத்திரம் சொன்னது 1,785. எடை ஏறாமல் இறங்காமல் 72-லேயே நின்றதன் ரகசியம் இதுதான். உண்மையைச் சொல்லப்போனால், சூத்திரமே இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். எடை மாறாமல் இருக்கும் காலத்தில் இரண்டு வாரம் ஒன்று விடாமல் எழுதிச் சராசரி எடுத்தால், அதுதான் உங்கள் உடம்பின் செலவு. எழுதுவதில் நேர்மை இருக்க வேண்டும், அவ்வளவே.

எவ்வளவு குறைக்கலாம்?

1,750-லிருந்து 350-ஐக் கழித்து 1,400 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதாகக் கணக்கு. நாளைக்கு 350 என்றால் மாதம் 10,500. ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலே குறைய வேண்டும். இவ்வளவுதானா என்று என் நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு என் பாதத்துத் தழும்பு ஞாபகம் இருந்ததால் அவசரப்படவில்லை.

1,400 கலோரியில் என்னதான் சாப்பிட முடியும் என்று கேட்பீர்கள். பட்டினி இல்லை. காலையில் சமன்படுத்திய பாலில் ஒரு காபி, சர்க்கரை ஒரு டீஸ்பூன், 80. மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும், 295. பதினோரு மணிக்கு அந்த டிகாஷன் காபிக்குப் பதில் ஒரு டம்ளர் நீர்மோர், 40. மதியம் இரண்டு கரண்டிச் சாதம் 195, பருப்புக் குழம்பு 130, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் இரண்டு காய் தட்டு நிறைய 105, ஒரு கிண்ணம் தயிர் 60. மாலையில் ஒரு காபி, 30 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்து வேகவைத்த சுண்டல், இரண்டும் 185. ராத்திரி எண்ணெய் விடாத சப்பாத்தி இரண்டும் கூட்டும் 305. மொத்தம் 1,395. முட்டை சாப்பிடுகிறவர்கள் கூட்டைக் குறைத்துக்கொண்டு ஒரு முட்டை சேர்க்கலாம், ஒன்று சுமார் 70.

சாதத்தைக் குறைத்த அளவுக்குப் பருப்பையும் தயிரையும் சுண்டலையும் குறைக்காமல் இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது என்பேன். 55 கிலோ பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். முன்பு 800 கலோரிச் சீட்டில் இருந்தபோது சீப்பெல்லாம் முடியாக வந்தது. இந்தத் தடவை அது இல்லை. பசியும் அவ்வளவாக எடுக்கவில்லை.

என் மாமியார்தான் முதலில் சம்மதிக்கவில்லை. "சோத்தை நிறுத்துத் தின்னா வீட்டுல லட்சுமி தங்குவாளா?" என்று தராசைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். நான் சண்டை போடவில்லை. அதற்குள் கண் பழகியிருந்தது, கரண்டிக் கணக்கே போதுமாக இருந்தது. மிச்சம் விழுவதைத் தடுக்க இன்னொன்று செய்தேன். தினமும் போடும் அரிசியில் அரை டம்ளரைக் குறைத்தேன். இரண்டு நாள் யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை! இத்தனை நாளும் அந்த அரை டம்ளர் யாருக்காக வெந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நடையும் உண்டு. தினமும் காலை அரைமணி. ஆனால் அதை நம்பிச் சாப்பிடாதீர்கள். 70 கிலோ ஆள் அரைமணி நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி, ஏறக்குறைய ஒரு மெதுவடை. நடந்துவிட்டு வந்து ஹோட்டலில் இரண்டு வடை சாப்பிடுகிற கூட்டத்தை எங்கள் பூங்கா வாசலில் தினமும் பார்க்கிறேன்.

கல்யாணம், காது குத்து என்று வந்தால் என்ன செய்வது? இலைச் சாப்பாடு ஒன்றே ஆயிரத்தை எளிதாகத் தாண்டும். அன்றைக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு அழுமூஞ்சியாக உட்கார மாட்டேன். வாரத்துக்கு 9,800 என்று வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் நூறு நூறாகச் சரிக்கட்டுவேன். தீபாவளி வாரம் மட்டும் சரிக்கட்ட முடியவில்லை. அதிரசம் என் பலவீனம்.

முள் நகராத மாதம்

முதல் மாதம் இரண்டு கிலோ குறைந்தது. துள்ளிக் குதித்தேன். அதில் பாதி தண்ணீர் என்று பிறகு தெரிந்தது. அடுத்த இரண்டு மாதமும் ஒவ்வொரு கிலோ. தினமும் எடை பார்த்துத் தினமும் மனம் ஒடிந்த காலம் ஒன்று உண்டு. ஊறுகாய் தின்ற மறுநாளும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் உடம்பில் நீர் தங்கி ஒரு கிலோ வரைகூட ஏற்றிக் காட்டும். இப்போது வெள்ளிக்கிழமை காலை ஒருமுறை மட்டும், வெறும் வயிற்றில் பார்க்கிறேன்.

ஏழாம் மாதம் 66 கிலோவில் வந்து முள் நின்றேவிட்டது. அதே 1,400தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் ஐந்து வாரம் அசையவில்லை. மறுபடி ரகசியமாகத் தின்கிறேனோ என்று என்னையே சந்தேகப்பட்டு ஒரு வாரம் பேனாவை ஆணியில் கட்டினேன். கொஞ்சம் இருந்தது. பழைய வழக்கம் 100 கலோரி அளவுக்குத் திரும்ப எட்டிப் பார்த்திருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. 66 கிலோவுக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் அடிப்படைச் செலவு 1,238, மொத்தம் 1,702. எண்பத்து மூன்று கலோரி செலவு குறைந்துவிட்டது. சின்ன உடம்புக்கு வாடகையும் சின்னது. உணவு குறைவதைக் கண்டு உடம்பு தானாகவும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்குமாம். அதனால்தான் 7,700 கணக்கை வைத்து வருஷம் முழுவதற்கும் ஜோசியம் சொல்ல முடியாது. நாலு ஐந்து கிலோ குறைந்ததும் கணக்கை மறுபடி போட வேண்டும். நான் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. நடையை முக்கால் மணியாக்கினேன், எட்டிப் பார்த்த நூறை விரட்டினேன்.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகள் ஃபோன் செய்தாள். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். "சித்தி, உங்க 1,400-ஐ நானும் ஆரம்பிச்சிட்டேன், நாலு நாளாச்சு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் செய்த அதே தப்பு, அதுவும் தாய்ப்பால் கொடுக்கிறவள்! பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கமான தேவைக்கு மேல் நாளைக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520-ம் கூடுதலாக வேண்டும் என்று அதே 2020 பரிந்துரையில் இருக்கிறது. அவளுக்கு 1,400 என்றால் பாதிப் பட்டினி. "உன் கணக்கே வேறடி. இப்ப நல்லாச் சாப்பிடு. பால் மறந்த பிறகு உன் எடை, உன் உயரத்தை வச்சு நாம போடலாம்" என்று சொல்லி, அன்றே அவள் டாக்டரிடமும் பேச வைத்தேன். அவளும் புரிந்துகொண்டாள்.

கர்ப்பிணிகளும் வளரும் பெண் பிள்ளைகளும் இந்தக் கணக்கின் பக்கமே வர வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

எடை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 23-க்கு மேல் போனால் நம் நாட்டவருக்கு எடை அதிகம், 25-க்கு மேல் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. நான் 30-ல் ஆரம்பித்தேன், 66 கிலோவில் 27.5. இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் 23-க்கு வந்தால்தான் பலன் என்று இல்லை. சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்கள் எடையில் ஏழு சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்து நடந்ததில், நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாக 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. சென்னையிலிருந்து நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. 72-ல் ஏழு சதவீதம் ஐந்து கிலோதானே. அதை நான் தாண்டிவிட்டேன்.

போன மாதம் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.8 என்று வந்தது. "வாசற்படியிலிருந்து தெருவுக்குத் தள்ளிவிட்டீர்கள், இன்னும் தெருக்கோடிக்குப் போகவில்லை" என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

இந்த மாதம் மளிகைச் சீட்டில் எண்ணெய் 3 லிட்டர். 120-ஆல் வகுத்தால் ஆளுக்கு 23 கிராமுக்கும் கீழே. என் வீட்டுக்காரர் எதற்கும் எழுதியதில்லை, அளந்ததில்லை. அவர் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மாமியார் நேற்று பரணிலிருந்து தராசை இறக்கித் தரச் சொன்னார். எதற்கு அத்தை என்றேன். "உனக்கு இல்லைடி, அதிரசத்துக்கு வெல்லம் நிறுக்கணும்" என்றார்.